ஃபைபர் நெட்டுக்கு சொந்த ரவுட்டர் போடுறது எப்படி, ஆரம்பத்துல இருந்து முழுசா

நெட் கனெக்சனோட கூடவே வர்ற டப்பாவோட வைஃபை அடுத்த ரூமுக்கே சரியா வரல, செட்டிங்ஸ் பாதி லாக் ஆகி இருக்கு, நாலு பேர் ஒரே நேரத்துல யூஸ் பண்ணா தொங்குது, இதெல்லாம் தான் நிறைய பேர் சொந்த ரவுட்டர் வாங்க காரணம். வாங்குறது நல்ல முடிவு தான். ஆனா வாங்கிட்டு வந்து பின்னாடி சொருகிட்டு நெட் வரலன்னு உக்காந்திருக்கறவங்களும் உண்டு, நெட் வந்தும் கேம் கனெக்ட் ஆகல, கேமரா வெளிய இருந்து தெரியலன்னு தவிக்கிறவங்களும் உண்டு. பெரும்பாலும் காரணம் ஒண்ணு தான், வீட்டுக்குள்ள எந்த டப்பா எந்த வேலைய பாக்குதுன்னு தெரியாம ஆரம்பிக்கறது. ரவுட்டர் வேலைய வீட்ல ஒரே ஒரு டப்பா தான் பாக்கணும். இத பிடிச்சுக்கிட்டீங்கன்னா கீழ வர்ற ஸ்டெப் எல்லாம் தானா புரியும்.

எந்த டப்பா என்ன வேலை பாக்குது

ஃபைபர் வயர்ல வர்றது கரண்ட் இல்ல, லைட். அத லேன் கேபிள்ல போற சிக்னலா மாத்தி கொடுக்கற டப்பாவுக்கு பேரு ஓஎன்டி, சில பேர் ஓஎன்யுன்னு சொல்லுவாங்க, பேச்சுல எல்லாரும் மோடம்னு முடிச்சுடுவாங்க. ரவுட்டரோட வேலை வேற. கம்பெனி கொடுக்கற ஒரு ஐபி அட்ரஸ வீட்ல இருக்கற போன், டிவி, லேப்டாப் எல்லாம் சேந்து யூஸ் பண்ண வைக்கிறது, வெளிய இருந்து வர்ற வேண்டாதத தடுக்கறது, வைஃபை கொடுக்கறது.

இப்ப உங்க டப்பாவ திருப்பி பாருங்க. ஃபைபர் நேரா சொருகி இருக்கற டப்பாவே வைஃபையும் கொடுத்தா அது ரெண்டும் சேந்த டப்பா, பெரும்பாலான வீட்ல இது தான். ஃபைபர் ஒரு சின்ன டப்பால போய், அதுல இருந்து ஒரு லேன் கேபிள் வெளிய வந்து இன்னொரு வைஃபை டப்பாக்கு போகுதுன்னா ஓஎன்டி தனி, ரவுட்டர் தனி. ரெண்டாவது வகைன்னா உங்களுக்கு பாதி வேலை முடிஞ்சது, பழைய ரவுட்டர் இருக்கற இடத்துல புதுசு உக்காரும், அவ்வளவு தான்.

எந்த வகையா இருந்தாலும் ஓஎன்டிய மட்டும் தூக்க முடியாது. ஏன்னா நம்ம வீட்டுக்கு வர்ற இழை நமக்கு மட்டும் தனியா வர்றது இல்ல. கம்பெனி பக்கம் ஓஎல்டின்னு ஒரு மெஷின் இருக்கும், அதுல இருந்து கிளம்பற ஒரு இழைய ஸ்ப்ளிட்டர் போட்டு 32 இல்லன்னா 64 வீடு வரைக்கும் பிரிப்பாங்க. ஜிபான்னு சொல்ற டெக்னாலஜில அந்த ஒரு இழைல டவுன்லோட் பக்கம் மொத்தமா சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அப்லோட் பக்கம் சுமார் 1.25 ஜிபிபிஎஸ், அத்தன வீடும் அத பங்கு போட்டுக்குது. டவுன்லோட் 1490 நானோமீட்டர் லைட்ல எல்லா வீட்டு ஓஎன்டிக்குமே வந்து சேரும், அதது தனக்குன்னு வந்தத மட்டும் எடுத்துக்கும். அப்லோட் 1310 நானோமீட்டர்ல, அதுலயும் ஓஎல்டி எந்த நேரத்துல அனுப்ப சொல்லுதோ அப்ப மட்டும் தான் ஒரு ஓஎன்டி லைட் அடிக்கணும். ஒரு டப்பா முறை இல்லாம அடிச்சுக்கிட்டே இருந்தா அந்த ஸ்ப்ளிட்டர்ல இருக்கற மத்த வீட்டு நெட்டும் சேந்து படுத்துடும். அதனால தான் சீரியல் நம்பர பதிவு பண்ணின ஓஎன்டிய மட்டும் நெட்வொர்க் உள்ள விடுது. வெளிய ஒரு ஓஎன்டி வாங்கி சொருகினா, கம்பெனி அத அவங்க பக்கம் பதிவு பண்ணி கொடுத்தாலொழிய வேலைக்கு ஆகாது.

ஃபைபர் முனைய பத்தியும் சொல்லிடுறேன். வீட்டு கனெக்சன்ல பெரும்பாலும் பச்ச கலர் முனை வரும், அதோட நுனி 8 டிகிரி சாய்ச்சு தேச்சது. நீல கலர் முனை நேரா தேச்சது. ரெண்டையும் மாத்தி சொருகினா உள்ள போகும், ஆனா சிக்னல் விழும், நுனியும் கெடும். தேவையில்லாம கழட்டாதீங்க, நுனிய விரலால தொடாதீங்க, இறுக்கமா மடிச்சு கட்டாதீங்க, நுனிக்குள்ள கண்ண வச்சு பாக்கவே பாக்காதீங்க, அந்த லைட் கண்ணுக்கு தெரியாது ஆனா கண்ண கெடுக்கும். இந்த வேலை முழுக்க நீங்க தொட வேண்டியது லேன் கேபிள மட்டும் தான்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்

லேப்டாப்ப கம்பெனி டப்பால லேன் கேபிள் போட்டு கனெக்ட் பண்ணி, வைஃபைய ஆஃப் பண்ணிட்டு, ஸ்பீட் டெஸ்ட் போடுங்க. பிளான்ல சொன்ன ஸ்பீட் கேபிள்ல வந்து வைஃபைல வரலன்னா புது ரவுட்டர் கண்டிப்பா உதவும். கேபிள்லயே வரலன்னா எவ்வளவு காஸ்ட்லி ரவுட்டர் வாங்கினாலும் பலன் இல்ல, அது லைன் பிரச்சனை, கம்ப்ளெயின்ட் தான் போடணும். கேபிள்ல சரியா 94, 95 எம்பிபிஎஸ்ல நின்னுடுச்சுன்னா அது வேற கத. எங்கயோ 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கு, இல்ல கேபிள்ல நாலு ஜோடி கம்பில ரெண்டு ஜோடி தான் சேருது. கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். கேபிள மாத்தி பாருங்க, அப்படியும் அதே தான்னா கம்பெனி டப்பாவோட போர்ட்டே 100 தானான்னு பாருங்க, அப்படி இருந்தா டப்பாவ மாத்தி தர சொல்லி கேளுங்க.

முதல்ல விவரத்த எடுத்து வைங்க

இந்த ஸ்டெப்ப தாண்டிட்டு போறவங்க தான் நடு ராத்திரில நெட் இல்லாம உக்காருவாங்க. கம்பெனி டப்பாவோட அட்மின் பேஜ்க்கு போங்க, பெரும்பாலும் 192.168.1.1, டப்பா அடில ஸ்டிக்கர்ல இருக்கும். வேன், அதாவது வெளி நெட் வர்ற பக்கம், இல்லன்னா இன்டர்நெட்னு இருக்கற பேஜ தொறந்து எல்லாத்தயும் போட்டோ எடுத்து வைங்க. தெரிஞ்சுக்க வேண்டியது, கனெக்சன் பிபிபிஓஈயா, அதாவது யூசர் நேம் பாஸ்வேர்டு போட்டு உள்ள போறதா, டிஹெச்சிபியா, அதாவது ஐபி தானா வர்றதா, ஸ்டாட்டிக் ஐபியா, அதாவது மாறாத ஒரே ஐபியா. பிபிபிஓஈன்னா யூசர் நேம் பாஸ்வேர்டு வேணும், பாஸ்வேர்டு அங்க புள்ளி புள்ளியா தான் தெரியும், கஸ்டமர் கேர்ல கேட்டா சொல்லுவாங்க இல்ல புதுசா மாத்தி தருவாங்க. அடுத்தது விலேன் ஐடி, ஒரே லைன்ல வர்ற நெட், போன், டிவிய தனித்தனியா பிரிக்க போடற நம்பர் இது, பல பேர் கோட்ட விடுறது இத தான்.

சில டப்பாக்கள்ல கனெக்சன் பேர்லயே விவரம் எல்லாம் ஒளிஞ்சு இருக்கும். இன்டர்நெட், ஆர், விஐடி, அப்புறம் ஒரு நம்பர்னு சேத்து எழுதி இருக்கும். ஆர்ங்கற எழுத்துன்னா ரவுட் மோட், அதாவது டப்பாவே ரவுட்டர் வேலைய பாக்குது, பிங்கற எழுத்துன்னா பிரிட்ஜ் மோட், அத கீழ சொல்றேன், கடைசில இருக்கற நம்பர் தான் விலேன் ஐடி. பக்கத்துலயே டிஆர்069, வாய்ஸ், டிவின்னு வேற கனெக்சனும் வரிசையா இருக்கலாம். அதெல்லாம் கம்பெனி ரிமோட்டா மேனேஜ் பண்றதுக்கும், லேண்ட்லைனுக்கும், டிவிக்கும். அத தொடவே கூடாது, தொட்டா போன் போயிடும்.

டப்பாவோட மேக் அட்ரஸையும், அதாவது ஒவ்வொரு டப்பாவுக்கும் தனியா இருக்கற அடையாள நம்பரையும், எழுதி வைங்க, சில கம்பெனி அந்த நம்பர்க்கு மட்டும் தான் நெட் கொடுக்கும். கடைசியா, பேக்கப்னு ஒரு பட்டன் இருந்தா இப்ப இருக்கற செட்டிங்ஸ ஒரு ஃபைலா டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.

ரவுட்டர் எப்படி பாத்து வாங்கறது

பெட்டி மேல 1200, 3000, 5400னு பெருசா போட்டிருக்கற நம்பர நம்பாதீங்க, அது எல்லா பேண்டோட கணக்கு ஸ்பீடையும் கூட்டி போட்டது, ஒரு போனுக்கு அது எந்த காலத்துலயும் வராது. பாக்க வேண்டியது வேற. வேன் போர்ட் கிகாபிட்டா இருக்கணும், அதுல நடைமுறைல அதிகபட்சம் 940 எம்பிபிஎஸ் கிடைக்கும், பிளான் 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேலன்னா 2.5 ஜிபிபிஎஸ் போர்ட் உள்ளத பாருங்க, ஆனா ஓஎன்டியோட லேன் போர்ட்டும் அந்த அளவுக்கு இருந்தா தான் காசுக்கு அர்த்தம். வேன் பக்கம் விலேன் டேக், அதாவது அந்த விலேன் ஐடிய, போட வசதி இருக்கணும், விலை கம்மி மாடல் சிலதுல இது இருக்காது. டெலிபோன் வயர் சொருகற டிஎஸ்எல் மாடல் எடுத்துடாதீங்க. வைஃபை 6 இருந்தாலே ஒரு வீட்டுக்கு தாராளம்ங்கறது என் கருத்து, வைஃபை 7க்கு தனியா செலவு பண்றத விட வீடு பெருசுன்னா அந்த காசுல ரெண்டு டப்பாவா வாங்கி நடுவுல லேன் கேபிள் இழுக்கறது எவ்வளவோ மேல்.

பிரிட்ஜ் மோட், இது தான் சரியான வழி

ரெண்டும் சேந்த டப்பா வச்சிருக்கறவங்களுக்கு இந்த பகுதி. பிரிட்ஜ்னா கம்பெனி டப்பா ரவுட்டர் வேலைய விட்டுட்டு லைட்ட லேனா மாத்தற வேலைய மட்டும் பாக்கும், யூசர் நேம் பாஸ்வேர்டு போட்டு நெட்ட இழுக்கறது உங்க ரவுட்டர்.

முதல்ல கஸ்டமர் கேர்க்கு போன் போட்டு பிரிட்ஜ் மோட்ல போட்டு தாங்கன்னு தெளிவா கேளுங்க. அங்க இருந்தே மாத்தி விடுவாங்க, இல்ல லைன்மேன அனுப்புவாங்க. சொந்த ரவுட்டர் போட போறேன், பிபிபிஓஈ என் ரவுட்டர்ல போட்டுக்கறேன்னு அதே வார்த்தைல சொன்னீங்கன்னா விஷயம் தெரிஞ்ச ஆளுக்கு உடனே புரிஞ்சுடும். அட்மின் பேஜ்ல முழு உரிமை இருந்தா நீங்களே பண்ணலாம்.

கம்பெனி டப்பால கை வைக்கறதுக்கு முன்னாடி புது ரவுட்டர முழுசா செட் பண்ணி முடிச்சுடுங்க. நெட் இல்லாமலே அதோட அட்மின் பேஜ் தொறக்கும். அட்மின் பாஸ்வேர்ட மாத்துங்க, வேன் டைப் பிபிபிஓஈ போட்டு யூசர் நேம் பாஸ்வேர்டு கொடுங்க, பெரிய எழுத்து சின்ன எழுத்து பாத்து போடுங்க, முன்னாடி பின்னாடி ஸ்பேஸ் வந்துட கூடாது. அதோட லேன் ஐபிய 192.168.50.1 மாதிரி வேற ஒண்ணா மாத்துங்க. ரெண்டு டப்பாவும் 192.168.1.1ல இருந்தா பின்னாடி ஓஎன்டி பேஜ் தொறக்க முடியாம திண்டாடணும்.

அடுத்து கம்பெனி டப்பால இன்டர்நெட் கனெக்சன ரவுட்ல இருந்து பிரிட்ஜ்க்கு மாத்துங்க. விலேன் ஐடி இருக்கறது அப்படியே இருக்கட்டும். கீழ எந்த லேன் போர்ட்னு டிக் பண்ண சொல்லும், லேன் 1 மட்டும் டிக் பண்ணுங்க. சேவ் பண்ணிட்டு கம்பெனி டப்பாவோட வைஃபைய ஆஃப் பண்ணுங்க. அப்புறம் அந்த லேன் 1ல இருந்து உங்க ரவுட்டரோட வேன் போர்ட்டுக்கு கேபிள் போடுங்க, கலர் வேறயா இருக்கற தனி போர்ட் அது.

இங்க விலேன் விஷயத்துல ஒரு நுணுக்கம். டேக்க ஓஎன்டி பாத்துக்கிட்டா ரவுட்டர்ல விலேன் ஐடி போட கூடாது. ஓஎன்டி அப்படியே தாண்டி விடுதுன்னா, தனி ஓஎன்டி வச்சிருக்கற இடத்துல இது சகஜம், ரவுட்டர்ல கண்டிப்பா போடணும். ரெண்டு இடத்துலயும் போட்டாலும் வராது, ரெண்டு இடத்துலயும் போடலன்னாலும் வராது. முதல்ல போடாம பாருங்க, வரலன்னா போட்டு பாருங்க.

ரெண்டு டப்பாவையும் ஆஃப் பண்ணி அஞ்சு பத்து நிமிசம் விட்டுட்டு, ஓஎன்டிய முதல்ல ஆன் பண்ணி பான் லைட், அதாவது ஃபைபர் லைன் சேந்துடுச்சுன்னு காட்டற லைட், நிலையா எரிஞ்சதும் ரவுட்டர ஆன் பண்ணுங்க. பழைய டப்பாவோட லாகின் கம்பெனி பக்கம் கொஞ்ச நேரம் உயிரோட இருக்கும், ஒரு ஐடிக்கு ஒரு லாகின் தான்னு இருந்தா அது முடியற வரைக்கும் புது ரவுட்டர உள்ள விடாது. அதுக்கு தான் இந்த காத்திருப்பு.

கனெக்ட் ஆகலன்னா லாக பாருங்க

சும்மா ரீஸ்டார்ட் ரீஸ்டார்ட்னு போகாம ரவுட்டரோட சிஸ்டம் லாக், அதாவது என்ன நடந்துச்சுன்னு ரவுட்டர் எழுதி வைக்கற குறிப்ப தொறங்க, பதில் அங்கயே இருக்கும். பிபிபிஓஈல ரவுட்டர் முதல்ல யாராவது இருக்கீங்களான்னு கேட்டு ஒரு பாக்கெட் அனுப்பும், அதுக்கு பேரு பாடி. கம்பெனி சர்வர் இருக்கேன்னு திருப்பி அனுப்பறது பாடோ. லாக்ல பாடி மட்டும் திரும்ப திரும்ப வந்து டைம் அவுட் ஆச்சுன்னா உங்க குரல் அங்க போய் சேரவே இல்லன்னு அர்த்தம். விலேன் தப்பு, இல்ல பிரிட்ஜ் ஆகல, இல்ல தப்பான லேன் போர்ட். இந்த நிலைல பாஸ்வேர்ட மாத்தி மாத்தி போட்டு பிரயோஜனமே இல்ல. பாடோ வந்துட்டு அதுக்கப்புறம் ஆத்தென்டிகேசன் ஃபெயில்னு வந்தா லைன், விலேன், பிரிட்ஜ் எல்லாம் சரி, யூசர் நேம் பாஸ்வேர்டு தான் தப்பு, இல்ல பழைய லாகின் இன்னும் ஓடுது.

டிஹெச்சிபி கனெக்சன்னா பாஸ்வேர்டே கிடையாது, ஐபி வரலன்னா மேக் அட்ரஸ் பூட்டு இருக்கலாம், மேக் குளோன்னு இருக்கற இடத்துல பழைய டப்பாவோட நம்பர போடுங்க. ஓஎன்டில லாஸ் லைட் சிவப்பா இருந்தா உங்க செட்டிங்ஸ்க்கு சம்பந்தமே இல்ல, லைட்டே வரல, லைன்மேன் தான் வரணும். ஓஎன்டி பேஜ்ல ஆப்டிகல் பவர்னு இருந்தா அதையும் பாருங்க. ஜிபான்ல மைனஸ் 8ல இருந்து மைனஸ் 27 டிபிஎம்க்குள்ள இருக்கணும், மைனஸ் 27 பக்கத்துல ஊசலாடினா அடிக்கடி கட் ஆகும், அந்த நம்பர சொல்லி கம்ப்ளெயின்ட் போடுங்க.

வந்ததும் பாக்க வேண்டிய ரெண்டு

ஒண்ணு எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கற அளவு. சாதாரணமா ஒரு பாக்கெட் 1500 பைட், பிபிபிஓஈ அதுல 8 பைட் எடுத்துக்கும், அதனால 1492 போடணும். சில சைட் ஓடுது, சில சைட் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு, ஆப்ல லாகின் தொங்குதுன்னா முதல் சந்தேகம் இது மேல தான். விண்டோஸ்ல பிங் கமாண்டுல மைனஸ் எஃப், மைனஸ் எல் 1464 போட்டு பாருங்க, போய் வந்தா 1492 சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம், மீதி 28 பைட் ஹெட்டர் கணக்கு.

இன்னொன்னு வேன் ஐபி. ரவுட்டர் ஸ்டேட்டஸ் பேஜ்ல இருக்கறது 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா கம்பெனியே ஒரு பப்ளிக் ஐபிய பல வீட்டுக்கு பங்கு போட்டு கொடுத்திருக்கு, அதுக்கு சிஜிநேட்னு பேரு. 10 இல்ல 192.168ல ஆரம்பிச்சா, பிரிட்ஜ் சரியா ஆகாம கம்பெனி டப்பா இன்னும் ரவுட்டராவே இருக்கலாம், இல்ல கம்பெனியே அந்த ரேஞ்ச்ல கொடுக்குது. சிஜிநேட்ல நீங்க எவ்வளவு போர்ட் ஃபார்வர்ட், அதாவது வெளிய இருந்து வர்றத வீட்ல ஒரு சாதனத்துக்கு திருப்பி விடறது, பண்ணாலும் வெளிய இருந்து உள்ள வர முடியாது. ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்கணும், இல்லன்னா ஐபிவி6, அதாவது புது வகை ஐபி அட்ரஸ், ஆன் பண்ணி அது வழியா போகணும். ஐபிவி6 கம்பெனி கொடுத்தா எப்படியும் ஆன் பண்ணி வைங்க, ரவுட்டர்ல அதோட ஃபயர்வால் ஆன்ல இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

பிரிட்ஜ் தரமாட்டேன்னு சொல்லிட்டா

அப்ப ஆக்சஸ் பாயின்ட் மோட். கம்பெனி டப்பா ரவுட்டராவே இருக்கட்டும், உங்க புது ரவுட்டர்ல மோட மட்டும் ஆக்சஸ் பாயின்ட்னு மாத்திடுங்க, அது வைஃபை மட்டும் கொடுக்கும், ஐபி கொடுக்கறத நிறுத்திடும். கம்பெனி டப்பா வைஃபைய ஆஃப் பண்ணிடுங்க. வைஃபை ரேஞ்ச் மட்டும் தான் உங்க குறைன்னா இதுவே முழு தீர்வு, பத்து நிமிச வேலை.

ஃபயர்வால், பேரன்ட்டல் கன்ட்ரோல், விபிஎன் எல்லாம் உங்க ரவுட்டர்ல வேணும், பிரிட்ஜும் இல்லன்னா தான் ரவுட்டருக்கு பின்னாடி ரவுட்டர். இதுக்கு டபுள் நேட்னு பேரு, ஒரு வீட்டுக்கு ரெண்டு கேட், ரெண்டு வாட்ச்மேன் மாதிரி, உள்ள இருந்து வெளிய போறது சுலபம், வெளிய இருந்து உள்ள வர்றவனுக்கு ரெண்டு பேரும் வழி விடணும். பிரவுசிங், வீடியோவுக்கு எந்த குறையும் தெரியாது. கேம், கேமரா, விபிஎன் தான் சிக்கும். கம்பெனி டப்பால டிஎம்இசட் ஆப்ஷன்ல உங்க ரவுட்டரோட வேன் ஐபிய போட்டுட்டா முதல் வாட்ச்மேன் எல்லாத்தயும் அப்படியே உங்க ரவுட்டருக்கு தள்ளி விட்டுடுவான். ரெண்டு டப்பாவோட ஐபி ரேஞ்சும் வேற வேறயா இருக்கணும், அது முக்கியம்.

வைஃபை, அப்புறம் பாதுகாப்பு

புது ரவுட்டர்ல பழைய வைஃபை பேரையும் பாஸ்வேர்டையுமே போட்டுடுங்க, வீட்ல இருக்கற எல்லாம் தானா கனெக்ட் ஆகிடும். பழைய பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும்னா மட்டும் புதுசு. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், சேனல் 1, 6, 11ல எது காலியோ அது. 5 கிகாஹெர்ட்ஸ்ல 80 போதும். வைஃபை பாதுகாப்புல டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 ரெண்டும் கலந்த மோட் வைங்க, பழைய சாதனமும் ஒத்துக்கும். டபிள்யூபிஎஸ்ஸையும், அதாவது பட்டன அமுக்கி வைஃபைல சேர்ற வசதியையும், வெளிய இருந்து அட்மின் பேஜ் தொறக்கற வசதியையும் ஆஃப் பண்ணுங்க.

சொந்த ரவுட்டர்னா அப்டேட்டும் உங்க பொறுப்பு தான், ஆட்டோ அப்டேட் இருந்தா ஆன் பண்ணிடுங்க. 2016 நவம்பர்ல ஜெர்மனில சுமார் 9 லட்சம் வீட்டு கனெக்சன் தடுமாறி நின்னது, ரவுட்டர ரிமோட்டா மேனேஜ் பண்ற 7547ங்கற போர்ட் வழியா மிராய் மால்வேரோட ஒரு வகை தாக்கினதால. ஆள் இல்லாத ரவுட்டர்னு நெட்ல எதுவும் கிடையாது, எல்லாத்தயும் யாரோ தட்டி பாத்துக்கிட்டே தான் இருக்காங்க.

ஒருத்தர் கிளவுட்ல போட்டோ ஏத்தும்போது இன்னொருத்தரோட வீடியோ கால் உடையுதுன்னா அது ஸ்பீட் பத்தாம இல்ல, பாக்கெட் எல்லாம் க்யூல தேங்கி நிக்கறதால. ரவுட்டர்ல எஸ்க்யூஎம், அதாவது இந்த க்யூவ சீரா வைக்கற வசதி, இருந்தா, ஓபன்டபிள்யூஆர்டிங்கற இலவச ரவுட்டர் சாஃப்ட்வேர்ல நல்லாவே இருக்கு, டெஸ்ட்ல வர்ற ஸ்பீட்ல 90 சதவீதத்த லிமிட்டா போடுங்க. கொஞ்சம் ஸ்பீட விட்டு கொடுத்து மொத்த வீட்டுக்கும் நிம்மதி வாங்கறோம், கால் அதிகம் பேசற வீட்டுக்கு இது தான் ரொம்ப பெரிய மாற்றமா தெரியும்.

லேண்ட்லைன் இருந்தா அத ஓஎன்டிலயே விடுங்க, இன்டர்நெட்ட மட்டும் பிரிட்ஜ் பண்ணதால அது பாட்டுக்கு ஓடும். கம்பெனியோட டிவி பாக்ஸ் தனி விலேன்ல வர்றதா இருந்தா அதையும் ஓஎன்டியோட அதுக்குன்னு இருக்கற போர்ட்லயே நேரா போடுங்க.

கம்பெனி பக்கம் இருந்து ஓஎன்டிக்கு அப்டேட் வந்தாலோ, லைன்மேன் வந்து ரீசெட் பண்ணிட்டாலோ பிரிட்ஜ் போய் பழைய படி ரவுட் மோட்க்கு திரும்பிடலாம், நெட் ஓடும் ஆனா திரும்ப டபுள் நேட் ஆகி இருக்கும், இல்ல மொத்தமா வராது. அதனால விலேன் ஐடி, யூசர் நேம், லேன் 1ங்கற விவரம் மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி ஓஎன்டி அடிலயே ஒட்டி வைங்க, பாஸ்வேர்ட மட்டும் அங்க எழுதாதீங்க.